நேற்றைய உரையாடலுக்கு நன்றி

'நேற்று அரை மணி நேரம் மனம்விட்டுப் பேசியதற்கு நன்றி' என்று செயலி காட்டியபோது அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. நோய் தொண்டையில் இறங்கி, மூன்று நாளாக அவளுக்குக் குரலே இல்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஊரெல்லாம் பரவிய தொற்று அவளையும் பிடித்து, மூன்றாம் மாடி வீட்டில் தனியாகப் போட்டு ஒன்பது நாள் ஆகிறது. தினம் ஒருமுறை யாரையாவது அனுப்பிக் கதவைத் தட்டச் சொல்லுங்கள் என்று மேலதிகாரிக்கு எழுதிக் கேட்டாள். அவர் இந்த மனநலச் செயலியை அனுப்பிவிட்டுக் கை கழுவிக்கொண்டார்.

'பேசியது நான் இல்லை. எனக்கு ஆள் வேண்டும்' என்று தட்டினாள்.

'நான்கு எண்ணும்வரை மூச்சை இழுங்கள்.'

மூச்சுதானே பிரச்சனையே! போனை ஹாலில் விரித்திருந்த மெத்தைமேல் வீசினாள். பிறகு தானே போய் எடுத்து, 'வந்து கீழே நின்றுவிட்டாவது போ' என்று அக்காவுக்கு எழுதினாள்.

பதில் உடனே வந்தது. 'இப்பதானேடி போன்ல பேசினோம்? நல்லா இருக்கேன், வராதேன்னு நீதானே சொன்னே?'

அது நான் இல்லை என்று மூன்று முறை எழுதினாள். ஜுரத்தில் உளறுகிறாள் என்று அக்கா நினைத்திருக்க வேண்டும். சரி, மனசு கேட்கவில்லை, கிளம்பி வருகிறேன் என்றாள்.

அதைப் படித்த கையோடு இவள் செயலியை அழித்தாள். மருந்து நெடியும் வியர்வையில் புளித்த போர்வை வாடையும் கலந்து நின்ற ஹாலில், ஃப்ரிட்ஜின் முனகல் அடங்கிய பிறகும், எங்கோ யாரோ தணிந்த குரலில் பேசிக்கொண்டே இருப்பது காதில் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு போய் ஒரு வாரமாகிறது. சுவரில் காதை வைத்தாள். அங்கே இல்லை. வெயில் தாங்காமல் நான்கு நாளாகச் சாத்தியே வைத்திருந்த படுக்கையறைக் கதவில் வைத்தாள்.

"வந்துட்டியாக்கா?"

அவளுடைய குரல். தெளிவாக. இருமல்கூட இல்லாமல்.

ஹால் ஜன்னலுக்கு ஓடினாள். கீழே, முகக்கவசத்தோடு, கையில் பழப்பையோடு அக்கா. காதில் போன். கண்ணாடியில் அறைந்தாள். கத்தினாள். காற்றுதான் வந்தது. மறுபடி அறைந்தாள்.

அக்கா நிமிர்ந்தாள். ஆளில்லாத ஜன்னலைப் பார்ப்பதுபோல் ஒரு கணம் பார்த்தாள். பார்வை நகர்ந்தது. படுக்கையறை ஜன்னலில் போய் நின்றது.

அங்கே, திரைச்சீலை வளையங்கள் கம்பியில் சறுக்கும் சத்தம்.

அக்காவின் கண்கள் சிரித்தன. முகத்தைப் பார்த்ததே போதும் என்பதுபோல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அந்த ஜன்னலைப் பார்த்து, ஆசையாக, கையசைத்தாள்.