நூற்று அறுபத்தெட்டு மீதிகள்

"ஸ்டேஷன்ல என் வீட்டுக்காரர் விரலை ஒண்ணொண்ணா ஒடிக்கிறாங்க ஐயா. மூணு ஆச்சு. செய்யாத கொலைய ஒத்துக்கணுமாம்."

வந்தவள் கணித ஆய்வு நிலையத்து அட்டெண்டரின் மனைவி. துப்பறிவாளர் நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டார். அவருடைய கூட்டாளி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அதற்குள் செருப்பை மாட்டிவிட்டார். ஊரார் அவருக்கு வைத்த பெயர் வாய்ப்பாடு.

முந்தைய நாள் காலை பதினொரு மணிக்கு மூத்த கணித ஆய்வாளர் தம் அறையில் மண்டை பிளந்து கிடந்தார். இரும்பு ஸ்டூலால் ஏழெட்டு அடி. சுவரெல்லாம் ரத்தம். ஓடிப்போய் அவரை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டதுதான் அட்டெண்டர் செய்த பாவம். சட்டையில் ரத்தம், வேறென்ன வேண்டும் போலீசுக்கு?

அந்த மாடியில் இருந்த இன்னொருவர் இளைய ஆய்வாளர். 8529992323 ஒரு பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது என்று தாம் கண்டுபிடித்த புது முறையால் அறிவித்து, மாலையும் கைதட்டலும் வாங்கியவர்.

"ஒன்பதுலேருந்து பதினொண்ணு வரைக்கும் ரூமைவிட்டு அசையல. அந்த எண்ணைக் கையால சரிபார்த்துக்கிட்டிருந்தேன்" என்று ஒரு தாளை நீட்டினார். ஆயிரத்துக்குள் இருக்கும் நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்களுக்கும் நேரே மீதி எழுதியிருந்தது. ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. எங்கும் பூஜ்யமும் இல்லை.

"பாவம், நல்லா உழைச்சிருக்கார்" என்றார் வாய்ப்பாடு.

"நீங்களும் உழைங்க. எல்லாத்தையும் வகுத்துப் பாருங்க" என்றார் துப்பறிவாளர்.

வாய்ப்பாடு முனகிக்கொண்டே உட்கார்ந்தார். 2, 3, 5, 11 எல்லாம் சரி, பார்த்ததுமே சொல்லக்கூடியவை. 17-க்கு மீதி 9 என்றிருந்தது. இவருக்கு 5 வந்தது. அடுத்ததும் தப்பு. தாளின் பின்பாதியில் ஓர் எண்ணால் வகுத்தவர் ஆடிப்போனார். மீதி பூஜ்யம். மறுபடி வகுத்தார். அதே பூஜ்யம்தான்.

மறுநாள் காலை, கழுவாத அந்த அறையிலேயே எல்லாரையும் கூட்டினார் துப்பறிவாளர். இன்ஸ்பெக்டரும் அட்டெண்டரின் மனைவியும் வந்திருந்தார்கள்.

துப்பறிவாளர் இளைய ஆய்வாளர் பக்கம் திரும்பினார். "நீங்க வகுக்கவே இல்ல சார். கொன்னுட்டு வந்து, வாய்க்கு வந்த மீதிய எழுதி நிரப்பினீங்க. பொய்யா எழுதும்போதுகூட ஒரு பூஜ்யம் போடல, உங்க முறைமேல அவ்வளவு நம்பிக்கை. ஆனா உங்க எண் வகுபடுது. பெரியவர் அதைச் சொல்லித்தான் செத்தார்னு நினைக்கிறேன்."

"அவனும் இதையேதான் சொன்னான்" என்று கத்தியபடி இளைய ஆய்வாளர் பக்கத்திலிருந்த ஸ்டூலைத் தூக்கி வீசினார். வாய்ப்பாட்டின் தோள் எலும்பு முறிந்தது. இன்ஸ்பெக்டர் இளைய ஆய்வாளரைத் தரையில் சாய்த்து முகத்தை அழுத்தினார். இரண்டு பற்கள் தெறித்தன.

அந்த ரத்த வாயோடு அவர் கெஞ்சினார். "எதால வகுபடும்? அவன் எண்ணைச் சொல்றதுக்குள்ள அடிச்சுட்டேன். எதால?"

வலியில் துடித்தாலும் வாத்தியார் புத்தி போகுமா? வாய்ப்பாடு பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"சொல்லாதீங்க ஐயா" என்றாள் அட்டெண்டரின் மனைவி. "உள்ள போய் ஒண்ணு விடாம வகுத்துப் பார்க்கட்டும்."

பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "நீங்க லாக்கப் சாவிய எடுங்க."