தும்மல் வராத டிராகன்

பெரியவளுக்கு வயது பத்துதான். ஆனாலும் வீட்டில் அவள் பெயர் பெரியவள். காரணம், அவளுக்குப் பின்னால் ஒரு வாண்டு பிறந்துவிட்டது. வாண்டுக்கு வயது ஐந்து. அவன் வாய்க்கு மட்டும் ஐம்பது.

அவர்கள் படுக்கும் அறையில் மூன்றாவதாக ஒருவனும் குடியிருந்தான். கட்டிலை ஒட்டிய சுவர்தான் அவன் இடம். பெயர் தும்மன்.

மற்றவர்கள் கண்ணுக்குத் தும்மன் வெறும் ஈரக்கறை. சுவருக்குள் ஓடும் குழாய் பல மாதங்களாகக் கசிந்து, பூச்சு உப்பி, பெயிண்ட் செதில் செதிலாக எழும்பி நின்றது. ஆனால் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தால் அது ஒரு டிராகன். இரண்டு இறக்கைகள், சுருட்டிய வால், ஒரு காது பெரிது, இன்னொரு காது சிறிது. வாயை ஆவென்று திறந்து, கண்களை இறுக மூடியிருந்தான். அது நெருப்புக் கக்குகிற முகம் இல்லை. தும்மல் வருவது போல வந்து, வராமல் தவிக்கிற முகம்.

"இன்னைக்காவது வந்துச்சாக்கா?" என்று தினமும் கண் விழித்ததும் வாண்டு கேட்பான்.

"இல்லடா. இன்னும் மூக்குலயேதான் நிக்குது."

"ஐயோ பாவம்!"

ஒருவழியாகக் குழாயைச் சரிசெய்தார்கள்; சுவரும் காய்ந்தது. ஆனால் சுவரிலிருந்து உதிர்ந்த தூளால் வாண்டுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மருந்து குடித்தும் நிற்கவில்லை. "முதல்ல அந்தச் சுவருக்கு வைத்தியம் பண்ணுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை பெயிண்டர் வந்தார். ஏணி, வாளி, சுரண்டும் தகடு, கழுத்தில் ஒரு துண்டு. கட்டிலை இழுத்து நகர்த்திவிட்டுத் திரும்பினால், வாண்டு இரண்டு கைகளையும் விரித்துச் சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றான்.

"என்ன தம்பி, சுவர் விழுந்துடும்னு தாங்கிப் பிடிக்கிறியா?"

"தொடாதீங்க! அவனை அழிக்கக் கூடாது!"

"யாரை?" பெயிண்டர் அறையைச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

பெரியவள் சுவரைக் காட்டினாள். இறக்கை, வால், காது எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். பெயிண்டர் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"எனக்கு ஈரம் ஊறின சுவர்தான் பாப்பா தெரியுது."

"நகருடா கண்ணா" என்றாள் அம்மா. "மாமாவுக்கு இன்னைக்கு ஒருநாள்தான் நேரம் இருக்கு. நாளைக்கு வேற வீட்டுக்குப் போகணும்."

வாண்டு அழத் தொடங்கினான். அழுகை இருமலை இழுத்துக்கொண்டு வந்தது. முகம் சிவந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். அம்மா ஓடிப்போய் முதுகைத் தடவினாள்.

பெரியவள் சுவரையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். தும்மனை முதலில் கண்டுபிடித்ததே அவள்தான். ஆனால் பக்கத்தில் படுத்து அந்த இருமலைக் கேட்பவளும் அவள்தான். சுவரைச் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

"அம்மா, உன் போனைக் குடு. போட்டோ எடுத்து வெச்சுக்கறோம்" என்றாள்.

பளிச்சென்று ஃபிளாஷ் அடித்து ஒரு படம் எடுத்தாள். சுவர் வெளுத்துப்போய், நடுவில் பழுப்பாக ஏதோ திட்டு மட்டும் தெரிந்தது.

வாண்டு எட்டிப் பார்த்தான். "இது யாரோ டீயைக் கொட்டின மாதிரி இருக்கு. இது தும்மன் இல்ல."

ஜன்னலை நன்றாகத் திறந்து இன்னொன்று எடுத்தாள். அதில் டீ இன்னும் கொஞ்சம் பரவியிருந்தது. மூன்றாவதில் அவள் கட்டைவிரல் மட்டும் அழகாக விழுந்திருந்தது.

"இன்னும் அஞ்சு நிமிஷம்தான் பாப்பா" என்றார் பெயிண்டர். "அதுக்குள்ள நான் மேடு பள்ளம் பார்த்து வெச்சுக்கறேன்."

கழுத்துத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, பையிலிருந்து டார்ச்சை எடுத்து, சுவரின் ஓரத்தில், சுவரோடு சுவராக ஒட்டிப் பிடித்தார்.

"ஏன் மாமா அப்படிப் பிடிக்கிறீங்க?"

"நேரா அடிச்சா எல்லாச் சுவரும் வழவழன்னுதான் தெரியும். பக்கத்துலேர்ந்து அடிச்சாதான் உண்மை வெளியில வரும்."

வெளிச்சம் சுவர்மேல் படுக்கைவசமாக வழுக்கிக்கொண்டு போனது. பெரியவள் போனோடு சட்டென்று திரும்பினாள். எழும்பி நின்ற ஒவ்வொரு செதிலுக்கும் ஒரு குட்டி நிழல் முளைத்திருந்தது. வால் சுருண்டது. இறக்கைகள் மேலே எழும்பின.

"மாமா! அசையாதீங்க!"

"என்னம்மா, மேல பல்லி விழுந்துடுச்சா?" பெயிண்டர் பதறிப்போனார்.

"இல்ல! கையை எடுக்காதீங்க! இன்னும் கொஞ்சம் கீழ... ஆங், அப்படியே! அம்மா, ஜன்னலைச் சாத்து!"

பெரியவர்கள் இருவரும் இப்போது அவள் சொன்னதைச் செய்துகொண்டிருந்தார்கள். பெரியவள் ஃபிளாஷை அணைத்தாள். கை ஆடாமல் இருக்க, முழங்கைகளைப் பெயிண்ட் வாளி மூடியின்மேல் ஊன்றிக்கொண்டாள். ஒரு மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானைத் தொட்டாள்.

போனைச் சுற்றி நான்கு தலைகள் கூடின. இருட்டின் நடுவே தும்மன் பொன்னிறமாக நின்றான். மூக்கின் சுருக்கம்கூடத் தெரிந்தது.

வாண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இவன்தான்" என்றான் மெதுவாக.

பெயிண்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூக்கில் கட்டியிருந்த துண்டையும் இறக்கிவிட்டுப் பார்த்தார். "அட! ஒரு காது சின்னது!" என்றவர், சுவரைத் திரும்பிப் பார்த்தார். "இருபது வருஷமா சுவர் சுரண்டறேன். ஒருநாள்கூட நின்னு பார்த்ததில்லையே" என்றார். அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

எல்லாம் முடிந்தது என்று அம்மா பெருமூச்சு விட்டாள். ஆனால் வாண்டு நகரவில்லை.

"போட்டோ சரிக்கா. ஆனா அவனுக்குத் தும்மலே வரலையே? அது வராமலே போயிடுவானா?"

பெரியவள் சுவரைப் பார்த்தாள். பெயிண்டர் கையிலிருந்த தகட்டைப் பார்த்தாள். உப்பி நின்ற பூச்சைப் பார்த்தாள். பிறகு வாண்டின் மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டி, அவனை அறைக்கு வெளியே அழைத்துப் போய் அம்மாவோடு தள்ளி நிற்கவைத்தாள்.

"மாமா, எங்கேயிருந்து சுரண்ட ஆரம்பிப்பீங்க?"

"எங்கேயிருந்து வேணும்னாலும் ஆரம்பிக்கலாம்."

"அப்போ மூக்குலேர்ந்து ஆரம்பிங்க. மூக்கு கூசினா என்ன வரும்?"

பெயிண்டர் அவளைப் பார்த்தார். மெல்ல அவர் மீசை விரிந்தது. அவள் வெளியே ஓடிப்போய் நின்றதும், தகட்டின் நுனியால் தும்மனின் மூக்கை லேசாக வருடினார். ஒரு செதில் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. பிறகு உப்பியிருந்த பூச்சு மொத்தமும் பொலபொலவென்று சரிந்தது. அறை முழுக்க வெள்ளைத் தூசி எழுந்தது. சுவரும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. அதற்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஹ... ஹா... ஹா... அச்ச்ச்சூ!"

ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது.

"வந்துடுச்சு! தும்மிட்டான்! அக்கா, அவன் தும்மிட்டான்!" வாண்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தான்.

தூசிக்குள்ளிருந்து பெயிண்டர் வெளியே வந்தார். தலை, மீசை, புருவம் எல்லாம் வெள்ளை. படம் பார்க்க இறக்கிய துண்டு கழுத்திலேயே கிடந்தது.

"ஆமா தம்பி" என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "சத்தியமா அவன்தான்."

அடுத்த வாரம், வழவழப்பான நீலச் சுவரில், தும்மன் சட்டம் போட்ட படமாகத் தன் பழைய இடத்துக்கே திரும்பினான். வாண்டின் இருமலும் குறைந்துவிட்டது. தும்மல் வந்ததா என்று இப்போது அவன் கேட்பதில்லை. "இது தும்மறதுக்கு முன்னாடி எடுத்தது" என்று வருகிறவர்களிடமெல்லாம் விளக்குகிறான்.

ஒருநாள் மத்தியானம் அம்மாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. யார் வீட்டுச் சுவரோ. பழுப்பான ஈரக்கறை. பக்கத்திலிருந்து டார்ச் அடித்து எடுத்திருந்தார்கள். கீழே பெயிண்டர் எழுதியிருந்தார்: "பாப்பாகிட்ட கேட்டுச் சொல்லுங்க. இது முயலா, கழுதையா? தெரியாம சுரண்ட மனசு வரலை."

பெரியவள் போனை நேராகப் பிடித்துப் பார்த்தாள். வாண்டு அதை வாங்கி, பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தான்.

"ஒட்டகம்க்கா. கொட்டாவி விடுது."

பெரியவள் உடனே பதில் எழுதினாள்: "ஒட்டகம் மாமா. கொட்டாவியை முடிச்சுக்கட்டும், அப்புறம் சுரண்டுங்க."