ஐந்தாவது மலைக்கு ஒரு துணை

“யார்கூட விளையாடப் போறீங்க?”

சாதாரணக் கேள்விதான். ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. கேம் பெட்டி வாங்க வந்த இடத்தில் இதெல்லாம் இந்தக் கடைக்காரனுக்கு எதற்கு...

வெளியே மழை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலையை அரை மணி முன்னதாகவே முடித்துவிட்டு, தெரு முனையில் இருந்த வீடியோ கேம் கடைக்குள் அவள் வாழ்க்கையில் முதன்முறையாக நுழைந்திருந்தாள். சுவர் முழுக்கப் பெட்டிகள். எது கன்சோல், எது அதற்கு மாட்டும் உறை என்றுகூடப் புரியவில்லை. பழைய கன்சோல் செட் விற்கும் பகுதியில் நின்றவனைக் கடையில் எல்லோரும் ‘டாக்டர்’ என்றார்கள். செத்துப்போன செட்டுகளைப் பிழைக்க வைப்பவனாம்.

எவ்வளவுக்குள் வேண்டும் என்று முதலில் கேட்டான். கையைக் கடிக்காமல் இருந்தால் சரி என்றாள். முன்னே விளையாடியது உண்டா என்றான். டீவி ரிமோட்டைத் தவிர எதையும் அழுத்தியதில்லை என்றாள். அதுவரைக்கும் ஒழுங்காகத்தான் போனது. மூன்றாவது கேள்வியில்தான் அவள் முறைத்தாள்.

“தனியாத்தான்.”

பச்சைப் பொய். அவள் தேடி வந்தது தம்பியை.

எட்டு மாதமாக அவன் பேசவில்லை. அவன் காதலை அவள் ஏளனம் செய்தாள். அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். போனில் அவள் எண்ணை அடைத்தும் விட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை நாளுக்கான தனிக் கட்டணம் கட்டி, அவனுக்குப் பதிவுத் திருமணம் என்று அவனுடைய நண்பன்தான் வாய்தவறிச் சொன்னான். முகவரி மட்டும் தர மாட்டேன் என்று சாதித்தான். கெஞ்சிக் கேட்டதில் ஒரு விளையாட்டின் பெயர் கிடைத்தது. பனிமலை ஏறுகிற விளையாட்டு. சாயந்திரம் ஏழு மணிக்கு அதில் ‘சோம்பல் சிங்கம்’ என்ற பெயரில் தம்பி இருப்பான். முன்பின் தெரியாதவர்களும் கூடச் சேரலாம். அம்மா அப்பா இல்லாத வீட்டில் தூக்கி வளர்த்த தம்பி. அவன் கல்யாணத்தில் அக்கா இல்லை என்றால்... அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை.

இதையெல்லாம் முன்பின் தெரியாதவனிடம் சொல்வாளா? ரோஷக்காரி.

டாக்டர் அவள் சொன்னதை அப்படியே நம்பினான். தனியாக விளையாட, அதுவும் ஆரம்பத்தில், புது செட் வீண் செலவு என்றான். புதிதில் டிஸ்க் போட வழியில்லாத ஒன்று மலிவாக இருக்கும், அதில் மயங்கிவிட வேண்டாம், கேம் ஒவ்வொன்றையும் முழு விலைக்கு வாங்க வேண்டி வரும் என்று எச்சரித்தான். போன தலைமுறை செட் ஒன்றை எடுத்து வைத்தான். பழைய டிஸ்க் சல்லிசாகக் கிடைக்குமாம்.

அவள் செட்டைப் பார்க்கவில்லை. அவன் மூக்குக் கண்ணாடி இடது பக்கம் சாய்ந்திருந்ததைப் பார்த்தாள். ஒரு நாளைக்கு நாற்பது ஜோடிக் கண்களைப் பார்க்கிற வேலை அவளுடையது. ஒன்றிலும் மனசு நின்றதில்லை. இந்த இரண்டு கண்கள் மட்டும் அளவெடுக்க விடாமல் அவளைத் திருப்பிப் பார்த்தன. சட்டென்று பணத்தை நீட்டிவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாளே திரும்பி வந்தாள். பெட்டியை மேஜையில் வைத்த சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது.

அந்த மலை விளையாட்டு இந்தப் பழைய செட்டுக்கு வரவே இல்லை, தெரியாதவள் என்று தலையில் கட்டிவிட்டார்கள் என்று பொரிந்து தள்ளினாள். அவன் முழுதும் கேட்டுக்கொண்டான்.

“யார்கூடன்னு கேட்டேனே... தனியான்னு சொன்னீங்க. கூட விளையாட ஆள் இருந்தா, அவங்க எதுல விளையாடறாங்கன்னு கேட்டுத்தான் செட்டே எடுத்துக் கொடுப்பேன்.”

அவள் பெட்டியின் மேலிருந்து கையை எடுத்தாள். எப்படியோ சொல்லி முடித்தாள்... தம்பி, சிங்கம், ஞாயிற்றுக்கிழமை.

டாக்டரின் முகம் மாறியது. அந்த விளையாட்டு ஓடுகிற செட்டுக்கு இதைப்போல இரண்டு பங்கு விலை. வாங்கிய பணத்தைத் திருப்பி எடுத்து வைத்தவன், தன் வீட்டில் அந்த செட் சும்மா கிடக்கிறது, ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள் என்றான்.

அங்கேதான் வினை. “என்னைப் பாத்தா பாவமா இருக்கா உங்களுக்கு?” என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் பணத்தை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள்.

வீட்டில் தம்பியின் கட்டில் எட்டு மாதமாக விரித்தபடியே இருந்தது. அதன் ஓரத்தில் உட்கார்ந்து ரோஷத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் மாற்றி மாற்றி எடை போட்டாள். புதன்கிழமை சாயந்திரம், தலையைக் குனிந்துகொண்டு மறுபடியும் அதே கடை வாசலில் நின்றாள்.

அவளைப் பார்த்ததும் டாக்டர் எழுந்து வந்தான். ஜன்னலோரம் வாடிக்கையாளர்கள் விளையாடிப் பார்ப்பதற்கென்று வைத்திருந்த செட்டின் முன்னால் இரண்டு ஸ்டூலைப் போட்டான். “இது கடையோடது. யார் வேணும்னாலும் தொடலாம். பாவம் புண்ணியம் எதுவும் இல்லை.”

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

விளையாட்டுக்குள் தம்பி திறந்து வைக்கும் அறைக்குள் போவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. நான்கு மலை ஏறி முடித்தவர்களைத்தான் ஐந்தாவது மலைக்குத் துணையாகச் சேர்ப்பானாம். இருப்பது மூன்று நாள். ஒரே கயிற்றில் இரண்டு பேர். ஒருவர் வழுக்கினால் மற்றவரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். முதல் நாள் முதல் மலையிலேயே அவள் பதினேழு தடவை விழுந்தாள். பதினேழு தடவையும் டாக்டரும் கூடவே விழுந்தான்.

“உங்களுக்குக் கோபமே வராதா?”

“வரும்... ரிமோட்டுன்னு சொன்னா வரும். இது கன்ட்ரோலர்.”

அன்று கடை மூடுவதற்குள் முதல் மலை முடிந்தது. வியாழக்கிழமை இன்னும் இரண்டு மலை ஏறினாள். வெள்ளிக்கிழமை நான்காவது மலை அவளை அழ வைத்தது. கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது. அவன் தயங்கித் தயங்கி அந்த விரலைப் பிடித்து, பட்டனின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தினான். அவ்வளவுதான். அப்புறம் அடுத்த ஐந்து நிமிடம் இரண்டு பேருமே மலையைப் பார்க்கவில்லை... கடை மூடும் நேரத்தில் உச்சி வந்தது. சந்தோஷப்பட வேண்டியவள் ஜன்னலில் வழிகிற மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குத் தம்பி பேசிவிட்டால் இந்தக் கடையில் எனக்கு என்ன வேலை? அந்த எண்ணம் வந்ததற்காகத் தன்னையே வைதுகொண்டாள். தம்பியைத் தேடி வந்தவளுக்கு இது தேவையா?

சனிக்கிழமை ஏழு மணி. சிங்கத்தின் அறை திறந்தது. கடையின் கணக்குப் பெயர் ‘டெமோ’. அந்தப் பெயரிலேயே உள்ளே போனாள். எதிரே பனி. கயிற்றின் மறுமுனையில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு பொம்மை மனிதன்.

“வா ப்ரோ, போலாம்.”

டீவியிலிருந்து வந்தது, எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்கிற குரல். பேச வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும்போல இருந்தது. பேசாமல் ஏறினாள். பாதி மலையில் கால் வைத்த பாறை உடைந்தது... அந்தரத்தில் தொங்கினாள். டாக்டர் பதறிப்போய், “இடது பக்கம், இடது பக்கம்...” என்று கிசுகிசுத்தான். டீவிக்குக் கீழே இருந்த மைக் அதைப் பிடித்துவிட்டது.

“ப்ரோ, யாரு கூட?”

இனி மறைக்க முடியாது. “நான்தான்டா... அக்கா.”

சிவப்புச் சட்டை நின்றது. அவன் அறையை விட்டுப் போனால் கயிறு அறுந்துவிடும்.

“போயிடாதடா. திட்டறதுன்னா திட்டு, கேட்டுக்கறேன். ரெண்டு வாரப் பழக்கத்துல ஒருத்தரைப் பத்தி என்ன தெரியும்னு உன்னைக் கேட்டேன். அந்தப் பொண்ணு முன்னாடியே கேட்டேன். தப்புடா. ரெண்டு வாரமே அதிகம். அஞ்சு நாள்ல தெரிஞ்சிடும்...”

கயிறு மெல்ல இறுகியது. அவன் இழுத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடியாக அவள் மேலே வந்தாள். பாறை விளிம்பில் ஏறி நின்ற பிறகுதான் தம்பியின் குரல் வந்தது. அது உடைந்திருந்தது.

“நாளைக்குப் பத்து மணிக்கு. முகவரி அனுப்பறேன். நீ இல்லாம சாட்சிக் கையெழுத்துப் போட ஆளைத் தேடிட்டு இருக்கேன், தெரியுமா உனக்கு?” மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “அது சரி... அஞ்சு நாளா? யாருக்கா அது?”

அவள் திரும்பினாள். சாய்ந்த கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் ஈரமாக இருந்தன. ஓடிவிடலாமா என்றிருந்தது அவளுக்கு. ஐந்தாவது மலைவரை ஏறி வந்தாயிற்று, இனி எங்கே ஓடுவது?

“பக்கத்துலதான் இருக்கார். எனக்கு இந்த விளையாட்டைக் கத்துக் கொடுத்தவர்...” ஒரு கணம் நிறுத்தினாள். “எனக்குப் பிடிச்சிருக்குடா அவரை. அவர்கிட்ட இன்னும் சொல்லலை. இப்பத்தான் கேக்கறார்.”

மறுமுனையில் தம்பி சிரித்துவிட்டான். டாக்டர் சிரிக்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஹெட்செட்டின் வயரை எடுத்து, அதில் இல்லாத சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவள் கன்ட்ரோலரை மடியில் வைத்தாள். அவசரப்பட்டுவிட்டேனோ...

அவன் மைக்குக்குக் குனிந்தான். பேசியது தம்பியிடம்; பார்த்தது அவளை.

“பத்து மணின்னா நாங்க இங்கேருந்து எத்தனை மணிக்குக் கிளம்பணும்?”