உதட்டில் விழுந்த கோடு

தீயணைப்பு வண்டி தண்ணீரைப் பீய்ச்சி ஓய்ந்த பிறகுதான் மாரிச்செல்வி கிடைத்தாள். ஆனைக்குட்டம் பக்கத்துப் பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. பின்சுவர் வெளிப்பக்கமாகச் சரிந்து அவளை நசுக்கியிருந்தது. முகத்தில் காயமில்லை. இடது உதட்டோரத்தில் மட்டும், மேலும் கீழும், தோல் காய்த்துத் தடித்திருந்தது. இன்ஸ்பெக்டர் மெகருன்னிசா அதைப் பார்த்துவிட்டுத் துணியை மூடினார்.

"எல்லாம் இவ புருசன் மணிமுத்து பண்ணுன வேலம்மா," என்றார் ஃபோர்மேன் வெள்ளைத்துரை. வாயைச் சுற்றிக் கைக்குட்டை கட்டியிருந்தார். "ஷெட்டுக்குள்ளயே பீடி குடிப்பான். அவன் உதட்டப் பாருங்க, வெளுத்துத் தடிச்சுக் கெடக்கு. அவன் உக்காருற எடத்துல பீடித்துண்டு கெடக்கு. யாரும் உள்ள போயிறக் கூடாதுன்னு தீயணைப்பு வண்டி தண்ணி அடிச்சு ஓஞ்சதுலேருந்து நாந்தான் வாசல்ல நிக்கேன்."

உள்ளே சாம்பல் சேறாகியிருந்தது, ஷூ புதைந்தது. மெகருன்னிசா குனிந்து பீடித்துண்டை எடுத்தார். விரலிடுக்கில் இலை சருகாக நொறுங்கியது.

ஸ்டேஷனில் மணிமுத்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"பீடி குடிப்பீங்களா?"

"தொட்டதில்லம்மா."

"அப்ப உதடு?"

"தெரியல. அவளுக்கும் இருந்துச்சு."

"ஏலே, பொண்டாட்டியும் சேந்து குடிச்சாளாக்கும்?" என்றார் ஏட்டு. மெகருன்னிசா திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் வாய் மூடிக்கொண்டது.

தோல் மருத்துவர் அனுப்பிரியா மணிமுத்துவின் உதட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். "என்ன வேலை செய்றீங்க?"

"பட்டாசுக்குத் திரி கட்டுறது. அவளுக்கும் அதே வேலதான்."

தையல் போடும் நூலைக் கொடுத்தார். "கட்டிக் காட்டுங்க."

மணிமுத்து யோசிக்கவே இல்லை. நூல் முனையை உதட்டோரத்தில் கவ்வி, இரு கையாலும் சுற்றி இழுத்தான். தடித்த தோலின் நடுப்பள்ளத்தில் நூல் போய்ச் சரியாக உட்கார்ந்தது.

"உரசல்ல காய்ச்சது," என்றார் மருத்துவர். "பீடின்னா வைக்கிற எடத்துல சூட்டுக் கறை இருக்கும்."

மறுநாள் காலை ஆலை வாசலில் மெகருன்னிசா வெள்ளைத்துரையிடம் சொன்னார்: "கைக்குட்டையை அவுருங்க."

கீழ் உதட்டின் நடுவில் வட்டமாக ஒரு தடிப்பு. அதன் மேல் பழுப்புக் கறை.

"அது வெயில்ல வந்ததும்மா."

"வெயில் உதட்டு நடுவுல மட்டும் பொட்டு வைக்காது. சரி, உதட்ட விடுங்க. ஷெட்டுல சாம்பலே சேறாக் கெடந்துச்சு, பீடித்துண்டு மட்டும் நனையலை. தண்ணி அடிச்சு முடிச்ச பெறகு போட்டது அது. வாசல்ல நின்னது நீங்க ஒருத்தர்தான்."

வெள்ளைத்துரை கைக்குட்டையைக் கசக்கினார். "மருந்து ரூமுக்குப் பின்னால நின்னேன்… ரெண்டே இழுப்புத்தாம்மா."

அன்று மாலை மணிமுத்துவுக்கு அனுப்பிரியா களிம்பு எழுதிக் கொடுத்தார். "நூலை வாயில வைக்காதீங்க. சில வாரத்துல தோல் இளகிரும். இளகலைன்னா கட்டாயம் வாங்க, ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்கணும்."

"இம்புட்டுத்தானா?" என்றான் மணிமுத்து. "புத்துநோயா இருக்குமோன்னு அவ பயந்துக்கிட்டே கெடந்தா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னா. தீவாளி சீசன் முடியட்டும்னு சொன்னேன்."