தலை முழுகிய தேதி

பெட்டியின் பின்னால் உள்ள சிறு துளையில் ஊசியை விட்டுப் பத்து எண்ணும்வரை அழுத்தச் சொல்லியிருந்தான் மோகன்குமார். தீர்த்தகிரி முப்பது எண்ணினார். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கழுத்தை நெரிக்கிறவரைப் போல எண்ணினார். ரவுட்டரின் விளக்குகள் ஒவ்வொன்றாக அவிந்தன. ஓரத்தில் ஒரு பச்சை மட்டும் அவியவில்லை. தூங்குகிறவர் மூச்சைப் போல மெல்ல ஏறி இறங்கியது.

"எல்லாமே அணையோணுமுங்க ஐயா. ஒண்ணு மட்டும் எரியாதுங்களே," என்றான் மோகன்குமார், ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில். நாமகிரிப்பேட்டையில் பாதி வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுத்தவன் அவன்தான். "சரி, உடுங்க. ரீசெட் பண்ணுனா பெட்டிக்குப் பழசெல்லாம் மறந்துருமுங்க. இப்பப் பொறந்த கொழந்தையாட்ட. நான் வேணா வந்து மறுபடி செட் பண்ணித் தரட்டுங்களா?"

"வேண்டாம். நீ சொல்லு, நான் செய்யறேன்."

ஆறு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். இளையவள் தேவிப்ரியாவைப் பார்க்க. 'எங்களுக்கு ஒரே பொண்ணுதானுங்க' என்று அவர்களிடம் சொல்லியிருந்தார். ஆல்பத்தில் மூத்தவளின் படங்களைக் கிழித்து, ரேஷன் கார்டில் பெயரை நீக்கி, அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த பள்ளிக்கூட ஸ்டிக்கரைக்கூடச் சுரண்டி எறிந்திருந்தார். அப்படியிருந்தும் நேற்று தரகர் கந்தப்பன் இதே நாற்காலியில் உட்கார்ந்து, போனைப் பார்த்தபடி சாவகாசமாகக் கேட்டார்: "வைஃபை பேரு 'அறிவு இல்லம்'னு வருதுங்களே. அறிவு யாருங்க?"

அந்த நிமிடம் முதல் தீர்த்தகிரியின் காதுகள் கொதித்துக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வேலைக்காரன். வந்து உட்கார்ந்ததும் போனைத்தான் எடுப்பான்.

உள்ளறைக் கதவைத் திறந்து அவர் மனைவி சாரதாமணி எட்டிப் பார்த்தாள். கையில் தேவிப்ரியாவுக்கு வைக்க வேண்டிய மல்லிகைச் சரம். "ஏனுங்க, அவ பேரு இந்த ஊட்டுல மிச்சமிருக்கறது அது ஒண்ணுதான். அதையும் அழிக்கோணுமா?"

"போய்ப் பொண்ணுக்குச் சீலை கட்டு."

கதவு சாத்திக்கொண்டது.

வெளியே வானம் கறுத்துக் கிடந்தது. பக்கத்துக் குடோனிலிருந்து மஞ்சள் வாடை புழுக்கத்தோடு சேர்ந்து வந்து தொண்டையில் படிந்தது. அதற்குள் வேறொரு வாடையும் இருந்தது. ஆழ்துளை போடும்போது, அறுநூறு அடிக்குக் கீழே பாறை உடைந்து மேலே வருமே, அந்தச் சகதியின் வாடை. முப்பது வருடம் ரிக் லாரி ஓட்டிய மனிதருக்கு அது தெரியாமல் போகாது. முற்றத்து மூலையில் தண்ணீர் வராத போர் குழாய் ஒன்று இருந்தது. இரும்பு மூடி போட்டு, மேலே கல்லும் வைத்திருந்தார்.

பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த எண்களைப் பார்த்துப் போனில் அடித்தார். வெள்ளைப் பக்கம் ஒன்று திறந்தது.

"இப்ப யூசர் நேம் கேக்குமுங்க. பில்லுல இருக்கும் பாருங்க," என்றான் மோகன்குமார்.

பில்லை விரித்தார். இணைப்பை எடுத்தவர் பெயர்: அறிவுச்செல்வி. கல்லூரியில் சேர்ந்த வருடம் அவள்தான் அடம்பிடித்து வாங்கினாள்.

"வேற பேரு போட முடியாதா?"

"அந்தப் பேரு போட்டாத்தான் லைன் வருமுங்க."

பில்லைக் கசக்கினார். பிறகு பிரித்தார். ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினார். மூன்று வருடமாக வாயால்கூடச் சொல்லாத பெயர். ஓடிப்போய்க் கண்டவனைக் கட்டிக்கொண்டவளுக்கு உயிரோடு இருக்கும்போதே தலை முழுகியவர் அவர். ஊர் பார்க்கப் பானை உடைத்து, ஈர வேட்டியோடு நடந்து வந்தவர். பதினோரு மாதம் கழித்து, ஐப்பசி மழையில் ஏழு மாத வயிற்றோடு அவள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். அவள் போனில் காசில்லை. ஆனால் அந்தப் போன் இந்த வீட்டு வைஃபையை மறக்கவில்லை. அவர் போனில் வரி வரியாக வந்து விழுந்தது. *அப்பா, கதவைத் திறங்க. வலிக்குதுப்பா. அப்பா.*

எழுந்து போய் ரவுட்டரின் சுவிட்சை அணைத்தார். வருவது நின்றுபோயிற்று.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து, தாயும் போச்சு, பிள்ளையும் போச்சு என்றான். சாரதாமணி மண்ணில் புரண்டு அழுதபோது, "ஒருத்திக்கு எத்தனை தடவை தலை முழுகறது," என்று கேட்டுவிட்டுக் குளிக்காமலே சாப்பிட உட்கார்ந்தார். கேட்டோரம் நனைந்து கிடந்த அவள் போனை எடுத்துப் போர் குழியில் போட்டார். அது விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

"பேரு மாத்திட்டீங்களா ஐயா?"

"ம்." தீர்த்தகிரி இல்லம் என்று போட்டிருந்தார். மார்பு நிமிர்ந்தது.

"பாஸ்வேர்டு எட்டு நம்பர் போடுங்க. மறக்காத தேதியா எதையாச்சும்."

கோபத்தில் விரல் தானாக ஓடியது. நாள், மாதம், வருடம். சேமி என்பதைத் தட்டிய பிறகுதான் பார்த்தார். அவர் பிறந்த தேதி இல்லை. கல்யாணத் தேதி இல்லை. தலை முழுகிய தேதி.

பெட்டி அணைந்து எரிந்தது. இந்த முறை எல்லா விளக்குகளும் ஒன்றாகத் துடித்தன.

"வந்துருச்சுங்க. இணைஞ்ச போன் ஒண்ணுன்னு காட்டுதுங்களா?"

"ரெண்டு."

"அம்மா போனா இருக்குமுங்க."

சாரதாமணியின் போன் அவர் முன்னால் மேசையில் அணைந்து கிடந்தது. தேவிப்ரியாவின் போன் அதன்மேல் கிடந்தது. பட்டியலைத் தொட்டார். முதல் வரியில் அவருடைய போன். இரண்டாவது வரியில், அறிவு.

"மோகனு. பழசெல்லாம் மறந்துரும்ன்னியே."

"மறந்துருமுங்களே ஐயா. புதுப் பாஸ்வேர்டு தெரிஞ்சவங்கதான் உள்ள வர முடியும்."

போனை வைத்துவிட்டார். அந்த வரியை அழுத்தித் தடை என்பதைத் தொட்டார். போனது. வந்தது. மீண்டும் தொட்டார். யாரை ஏமாற்றப் பார்க்கிறாய், நாயே, என்று முனகினார். போனது.

வந்தது. இப்போது மூன்று.

மூன்றாவதற்குப் பெயர் இல்லை. வெறும் கோடு.

முற்றத்தில் கல் உருளும் சத்தம். பிறகு இரும்பு, சிமெண்டில் இழுபடும் சத்தம். அவசரமில்லாமல். அவர் எழவில்லை. இந்த ஊரில் எவனுக்கும் எழுந்து நிற்காத மனிதர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பெயரைச் சொல்லி. நாளைச் சொல்லி. திதிக்குச் செத்தவர்களை அப்படித்தானே கூப்பிடுவது. செய்யாத திதி. தன் விரலாலேயே கூப்பிட்டுவிட்டார்.

சுவிட்சுக்குக் கை நீட்டினார். அணைத்தார். பச்சை அவியவில்லை. ஒயரைப் பிடுங்கினார். பச்சை ஏறியது. இறங்கியது.

போன் அதிர்ந்தது. *அப்பா.*

மீண்டும். *கதவு திறந்துதான் இருக்குப்பா.*

இருந்தது. விருந்தாளிகளுக்காக அவரே காலையில் கேட்டையும் வாசற்கதவையும் விரியத் திறந்து வைத்திருந்தார்.

சகதி வாடை அறைக்குள் நிறைந்தது. அவருக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ பாரத்தோடு உட்காருவதைப் போல, மெல்ல, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. அவர் திரும்பவில்லை.

வாசலில் கார் நின்றது. செருப்புகள் கழன்றன. மாப்பிள்ளையின் தாய் மஞ்சுளா தாம்பாளத்தோடு முதலில் படியேறினாள்.

"வாரோமுங்க. மழைக்கு முன்னால வந்துட்டமுங்க."

அவர் போனைக் கவிழ்த்து மார்போடு சேர்த்துக்கொண்டார்.

மஞ்சுளாவின் பார்வை அவரைத் தாண்டி நாற்காலிக்குப் போயிற்று. முகம் மலர்ந்தது. "ஒரே பொண்ணுன்னு சொன்னாங்களே. மூத்தது இருக்குதுங்களா?" தாம்பாளத்தை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டியபடி குனிந்தாள். "ஏஞ்சாமி, மழையே வரல, அதுக்குள்ள நனைஞ்சுட்டீங்களா? கொழந்தைய இப்படிக் குடு கண்ணு, நான் வெச்சுக்கறேன்."

உள்ளறைக் கதவு திறந்தது. மல்லிகைச் சரம் தரையில் விழும் மெல்லிய ஓசை. சாரதாமணி அலறவில்லை. அவள் சிரித்தாள். மூன்று வருடமாக இந்த வீட்டில் கேட்காத சிரிப்பு.

"பேரனுக்கு என்ன பேருங்க வெச்சிருக்கீங்க?" என்று மஞ்சுளா அவரைக் கேட்டாள்.

தீர்த்தகிரி போனைப் பார்த்தார். பட்டியலில் இப்போது இரண்டே வரிகள். அவருடைய வரி இல்லை. முதலில் அறிவு. அதன் கீழே, வெறும் கோடாக இருந்த இடத்தில், பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கப்படி, தீர்த்தகிரி.

அவர் பாதத்தில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. நாற்காலியின் காலிலிருந்து சாம்பல் நிறச் சகதி நீர் ஒழுகி வந்திருந்தது. அதற்கு நடுவே, கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஈரப் பாதச் சுவடுகள், ஒன்றன்பின் ஒன்றாக, அவரை நோக்கி வந்துகொண்டிருந்தன.