பிழிந்த பஞ்சு

மழைக்கு ஒதுங்க ஓடி வந்தவன் ஜோஸ்லின் மேல்தானா வந்து மோத வேண்டும்? டெல்லி ஆர்.கே.புரம் மெட்ரோ வாசலில் அவள் கையிலிருந்த கண்ணாடிக் குப்பி நழுவி, உருண்டு, மூடி கழன்று தேங்கிய தண்ணீரில் போய் விழுந்தது.

"ஐயோ... போச்சு..."

"அச்சா, தமிழா நீங்க? ஸாரி, ஸாரி..."

குனிந்து குப்பிக்குள் இருந்த கறுப்புப் பஞ்சை எடுத்தான். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைப் பிழிவது போல ஒரே பிழி பிழிந்து பெருமையாக நீட்டினான்.

"இந்தாங்க. தண்ணியெல்லாம் போயிடுச்சு."

ஜோஸ்லினுக்கு அழுகையே வந்துவிட்டது. அது கிராஃபீன். கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த நுரையாக அதைச் செய்து, சூரிய மின்கலத்தின் மின்முனையில் பிளாட்டினத்துக்குப் பதிலாக வைக்கலாம் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. துளைதான் அதற்கு உயிர். அதைப் போய்ப் பிழிந்து வைத்திருக்கிறான், மகராசன்.

"ராப்பகலா செஞ்சது சார் இது. உங்களுக்குக் கண்ணு தெரியாதா?"

அவன் நிமிர்ந்தான். மழைத்துளி ஒட்டிய இமைகள்... அதற்குள் அத்தனை பெரிய, அத்தனை பயந்த கண்கள்... திட்ட நினைத்ததில் பாதி மறந்துபோனது. மீதியைத் திட்டித் தீர்த்தாள்.

பெயர் ஜெயந்த். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். நொய்டாவில் ஒரு டிவி சேனலில் எடிட்டர். அதன்பிறகு சனிக்கிழமைதோறும் அவளுடைய ஆய்வுக்கூட வாசலில், இரண்டு டீயோடு வந்து நின்றான்.

"இன்னிக்காவது மன்னிச்சீங்களா?"

"யோசிக்கிறேன்..."

"யோசிங்க, யோசிங்க. ஜல்தி ஒண்ணும் இல்ல."

அப்படி ஒரு சனிக்கிழமை, அவன் வருவதற்குச் சற்று முன்னால்தான், அந்தப் பஞ்சோடு அதே தட்டில் செய்த இன்னொரு துண்டை வெட்டி நுண்ணோக்கியில் வைத்தாள். வெளியே அழகான நுரை. உள்ளே துளைகளெல்லாம் அமுங்கி, மூடிக் கிடந்தன. உறைய வைத்து, பனி முழுக்க ஆவியாகும்வரை பொறுமையாக உலர்த்த வேண்டிய பொருள் அது. பேராசிரியரிடம் காட்டும் அவசரத்தில், நடுவில் பனி மிச்சமிருக்கும்போதே வெளியே எடுத்துவிட்டாள். அந்தப் பனி உருகி உள்ளுக்குள் எல்லாவற்றையும் கெடுத்திருக்கிறது. அவன் கைபடுவதற்கு முன்பே அந்தப் பஞ்சு செத்துவிட்டது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வீம்பு கொஞ்சம் தடுத்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது... குற்றம் இல்லை என்று தெரிந்துவிட்டால் இவன் அடுத்த சனிக்கிழமை எதற்கு வருவான்?

டீயை வாங்கிக்கொண்டாள். "யோசிக்கிறேன்" என்றாள்.

போன மாதம் ஜெயந்தின் அப்பா ரிட்டயர் ஆனார். அரசுக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு வீட்டார் சென்னைக்குக் கிளம்பினார்கள். "நான் மட்டும் இங்கயே ரூம் எடுத்துத் தங்கவா?" என்று டீயைப் பார்த்துக்கொண்டே கேட்டான். நெஞ்சு முழுக்க 'தங்குங்க' என்றுதான் இருந்தது. வாயில் வந்ததோ பழக்கமான அந்த ஒரு வார்த்தை. அவன் சென்னை மாற்றலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

இன்று அவனுக்கு ரயில். அதே மெட்ரோ, அதே மழை. பிளாட்பாரம்வரை கூடவே வந்துவிட்டாள்.

"கடைசியா ஒரு ஸாரி..." என்று ஆரம்பித்தான்.

"வேண்டாம் ஜெயந்த். அது உங்களால கெடல. நான் அவசரப்பட்டுக் கெடுத்தது. எனக்கு ரொம்ப நாளா தெரியும்."

அவனுக்குப் புரியச் சற்று நேரமானது.

"அப்போ ஏன் சொல்லல?"

"சொல்லிட்டா நீங்க வரமாட்டீங்களேன்னு..."

"மன்னிப்பு கேக்க மட்டுமா வந்தேன்னு நெனச்சீங்க? ஒரு பஞ்சுக்காக இத்தனை சனிக்கிழமை எவன் வருவான்?"

அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"எனக்கு உங்கள ரொம்பப் பிடிக்கும். அன்னிக்கு உங்களத் திட்டும்போதே பிடிச்சிருச்சு."

"இத போன மாசம் சொல்லியிருந்தா..."

அவன் முடிப்பதற்குள் மெட்ரோ வந்து நின்றது, கதவு திறந்தது. ஜெயந்த் நகரவில்லை. கதவு மூடிக்கொண்டு வண்டி அவனை விட்டுவிட்டுப் போனது.

அடுத்ததையும் விட்டால் சென்னை ரயிலைப் பிடிக்க முடியாது. இருவருக்கும் அது தெரியும். அடுத்த வண்டி வரும்வரை அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான், இந்த முறை அழுத்தாமல்.