நறுக்கிப் போட்ட பன்னிரண்டு ஆண்டுகள்

காலையில் கடையைத் திறந்ததும் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்துச் செத்தவர்களை வரிசையாக அடுக்குவேன். முன்னால் துறைமுக அதிகாரிகள், அறுவை மருத்துவர்கள். பின்னால் விலை கூடிய தளபதிகள். எலும்பிலிருந்து வாசித்தெடுத்த பணிநினைவு, விரல்நக அளவு சில்லில் இருக்கும். பிடரியில் பொருத்தினால் ஒருவருடைய உத்தியோகமும் ஓய்வும் முழுக்க உங்களுக்குள் இறங்கிவிடும். கடல் ஏறிவந்து பாதித் தூத்துக்குடியை விழுங்கியபின் வந்த சட்டம் இது: நூறு பேருக்கு மேல் ஆள வேண்டுமானால், முன்பே ஆண்டு காட்டிய ஒருவரைத் தலையில் ஏற்றியிருக்க வேண்டும்.

ஜெசிந்தா பர்னாந்து கடலரண் கட்டும் பணிக்குத் தலைவியானபோது என்னிடம்தான் வந்தார். நெர்வினியுஸ் என்ற ரோமானியத் தளபதியைக் காட்டினேன். பத்தொன்பது வயதில் படைக்கொடி தூக்கியவன். ஆறு போர், ஒன்றிலும் தோல்வி இல்லை. நாற்பத்திரண்டு வயதில், களத்தை விட்டு ஓடிய தன் ஆட்கள் நானூற்றெண்பது பேரைப் பைக்குள் கைவிட்டுக் கல் எடுக்க வைத்தான். கருப்புக் கல் வந்தவனை, பத்தில் ஒருவனை, மற்ற ஒன்பது பேரே அடித்துக் கொல்ல வேண்டும். அதன்பின் அவன் படை ஓடியதே இல்லை. மிச்சம் பன்னிரண்டு ஆண்டுகள் தோட்டத்து வீட்டில் சும்மா இருந்தான்.

எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. மாட்டுத்தரகர்களிடமிருந்து வந்த பழக்கம்: கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். ஜெசிந்தா கெட்டிக்காரி, என் விலைக்கு ஏறிவரவில்லை.

"அப்ப வால நறுக்கிருவோம் மேடம். தோட்டத்துல சும்மா உக்காந்திருந்தவன் உங்களுக்கு எதுக்கு?" என்றேன்.

சிரித்தார். பேரம் படிந்தது. பன்னிரண்டு ஆண்டுகளும் தனிச் சில்லாக என் மேசை இழுப்பறைக்குள் போயின. அதில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. சரக்கை ருசி பார்க்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

ஐப்பசிப் புயலில் அரண் உடைந்தது. அந்த முனையில் நின்ற எண்பது பேரும் ஓடிவந்துவிட்டார்கள். என் மனைவியின் தம்பி ரத்தினபாண்டி அவர்களில் ஒருவன். மறுநாள் காலையில் போனில் அழைத்தான்.

"அத்தான், பைக்குள்ள கைய விட்டுக் கல்லு எடுக்கச் சொல்லுதாவ. கருப்பு வந்தவன் மண்மூட்டையோட உடைப்புக்குள்ள இறங்கணுமாம். கயிறு எங்க கையில. மூட்டை விழுந்ததும் விட்டுரணுமாம். மாட்டேன்னா குடும்பத்தோட மேட்டு நிலத்த விட்டுக் கீழ போவணுமாம்."

இழுப்பறைச் சில்லை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஜெசிந்தா கூடாரத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம்கூட இல்லை. அவன் பின்னால் வருந்தியிருந்தால் அது இதில்தான் இருக்கும், மிச்சத்தையும் ஏற்றிக்கொள்ளுங்கள், இனாமாகவே தருகிறேன் என்று கெஞ்சினேன்.

"அவன் எதுக்குன்னு நீங்கதான கேட்டீங்க அண்ணாச்சி," என்றார்.

வேறு வழி தெரியாமல் அவர் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டேன். ஒரே ஓர் ஆள் போதும் என்று ஒற்றை விரலைத் தொட்டேன். எட்டுக்கு உண்டான பிடியைப் பிடித்தார். இரண்டு என்றேன். ஏழு என்றார். வெளியே எண்பது பேர் மழையில் நின்றார்கள். மூன்று. ஆறு. கடைசியில் என் ஐந்து விரலையும் சேர்த்து அழுத்தினார். படிந்தது. சொல்லவே கூசுகிறது, அந்த நொடியில் நல்ல பேரம் முடித்த பூரிப்பு எனக்கு வந்தது.

கருப்புக் கல் ஐந்து போட்டார்கள். ரத்தினபாண்டிக்கு வெள்ளை வந்தது. உடைப்பு அடைபட்டது. அதன்பின் அரணை விட்டு யாரும் ஓடவில்லை. ரத்தினபாண்டி வீட்டில் உட்கார்ந்து, கயிற்றை விட்ட விரல்களை விரிப்பதும் மூடுவதுமாக இருக்கிறான்.

யாராவது சுமக்க வேண்டுமே என்று அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை என் பிடரியிலேயே பொருத்திக்கொண்டேன். நெர்வினியுஸ் தோட்டத்தில் சும்மா இருக்கவில்லை. தினமும் விடிந்ததும் அத்திமரத்தின் முன்னால் நின்று கருப்புக் கல் வந்த நாற்பத்தெட்டுப் பேரின் பெயர்களைச் சொல்கிறான். இப்போது நானும் கடையைத் திறந்ததும் சொல்கிறேன். நாக்கில் புரளாத பெயர்கள், ஒன்றுகூடத் தப்புவதில்லை. முடித்த பிறகு எங்கள் ஊர்ப் பெயர்கள் ஐந்து.

ரத்தினபாண்டி ஒரே ஒரு முறை வாய் திறந்தான்.

"ஒருத்தரும் வேண்டாம்னு கேட்டிருக்கலாம்லா அத்தான்?"

கேட்டிருக்கலாம். துண்டுக்குள் அதற்கு விரல் கிடையாது.